ஜேனிக்கு மூணாவது புருஷன் கிடைச்சான் சரி, அவளுக்கு அவ கிடைச்சாளா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கருப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதின 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவல எல்லாரும் ஒரு கருப்பினப் பொண்ணு தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கிற கதைன்னு சொல்றாங்க, ஆனா படிச்சுப் பாத்தா ஜேனி ஒருத்தன விட்டுட்டு இன்னொருத்தன்கூட போறா, அவன் செத்ததும் மூணாவதா ஒருத்தன கட்டிக்கிறா, அந்த மூணாவது ஆளும் கை நீட்டுறான், இதுல அவளோட சுயம்னு தனியா என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. முதல் தடவ படிச்சப்ப எனக்கும் இதே கோபம்தான் வந்துச்சு, புக்க மூடி வச்சிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு தடவ திரும்பப் படிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. நான் மூணு புருஷனையும் வரிசையா நிக்க வச்சு இவன் நல்லவனா அவன் நல்லவனான்னு மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன். அத விட்டுட்டு, ஒவ்வொரு வீட்லயும் ஜேனி எங்க உக்காந்திருக்கா, அவ வாய தொறந்தா யாராவது காது குடுக்குறாங்களான்னு மட்டும் பாத்துக்கிட்டே போனா நாவல் வேற மாதிரி தெரியுது. அவ தேடுறது புருஷன இல்ல, ஊர்க்காரங்க கூடி உக்காந்து கத பேசுற திண்ணையில தனக்கும் ஒரு இடம். இது நான் வலிஞ்சு சொல்றதில்ல, நாவல் தொடங்கறதும் திண்ணையிலதான், அவ கத சொல்லி முடிக்கறதும் திண்ணையிலதான்.

முதல்ல பாட்டியில இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா நானிய வில்லியா பாத்துட்டா முதல் கல்யாணமே புரியாது. நானி ஜார்ஜியால சவானா பக்கம் ஒரு பண்ணையில அடிமையா இருந்தவ. எஜமான் மூலமா ஒரு பொம்பளப் புள்ள பொறக்குது, எஜமான் சண்டைக்குப் போனதும் அவன் பொண்டாட்டி வந்து பச்சப்புள்ளையோட கண்ணையும் முடியையும் பாத்துட்டு, விடிஞ்சதும் உனக்கு நூறு கசையடி, புள்ளைய வித்துடுவேன்னு மிரட்டுறா. அன்னைக்கு ராத்திரியே நானி பச்ச உடம்போட புள்ளைய தூக்கிட்டு சதுப்புக்காட்டுக்குள்ள ஓடி ஒளியிறா. அந்தப் புள்ளதான் லீஃபி, ஜேனியோட அம்மா. லீஃபிக்கு 17 வயசுல அவ ஸ்கூல் வாத்தியாரே அவள நாசம் பண்றான், அதுல பொறந்தவ ஜேனி. இப்போ யோசிச்சுப் பாருங்க, அடிமையா இருந்தவங்களுக்கு கல்யாணம்ங்கறதே சட்டப்படி கிடையாது, கட்டிக்கிட்டாலும் எஜமான் நெனச்சா நாளைக்கே ஒருத்தர வித்துடலாம். அப்படி வாழ்ந்த ஒருத்திக்கு, சட்டப்படி தாலி மாதிரி ஒண்ணு, சொந்தமா 60 ஏக்கர் நிலம், கருப்பினத்துல அந்த ஊர்லயே ஒரே ஒரு வீட்ல இருக்கற ஆர்கன் வாத்தியம், இதெல்லாம் உள்ள லோகன் கில்லிக்ஸ் வந்து பேத்தியக் கேட்டா அது வரன் இல்ல, கோட்டை. வயசானவன், பாக்க நல்லா இல்ல, 16 வயசுப் பொண்ணுக்கு அவன புடிக்கல, இதெல்லாம் நானி கண்ணுக்கு ஒரு விஷயமாவே படாது.

நானி சொல்ற ரெண்டு வார்த்தைதான் மொத்த நாவலையும் தாங்கி நிக்குது. ஒண்ணு எல்லாரும் மேற்கோள் காட்டறது, கருப்பினப் பொம்பளதான் இந்த உலகத்தோட கோவேறு கழுதைங்கறது. வெள்ளக்காரன் சுமைய கருப்பு ஆம்பளகிட்ட தூக்கிப் போடறான், அவன் அத தன் வீட்டுப் பொம்பளகிட்ட குடுத்துடறான்னு சொல்லுவா. இன்னொண்ண அவ்வளவா யாரும் பேசமாட்டாங்க: கருப்பினப் பெண்கள் உசரத்துல உக்காந்திருக்கறதப் பத்தி ஒரு பெரிய பிரசங்கம் பண்ணணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு, ஆனா ஏறி நிக்க எனக்கு மேடை இல்லங்கறா. அதாவது பேச்சு இருந்துச்சு, பேச இடம் இல்ல. அந்தப் பேச்சத்தான் பேத்தி தலையில எறக்கி வைக்கிறா.

அதே வயசுல ஜேனிக்கு இன்னொரு பாடமும் கிடைக்குது. வீட்டுக் கொல்லைல பேரி மரம் பூத்திருக்கு, தேனீ பூவுக்குள்ள எறங்குறதையும் பூ அத ஏத்துக்கறதையும் மல்லாந்து படுத்துப் பாத்துட்டு, ஓ இதுதான் கல்யாணமான்னு நெனைக்கிறா. இத வெறும் காம உருவகமா மட்டும் படிச்சா பாதிதான் கிடைக்கும். ஒண்ண ஒண்ணு அடக்கறது கிடையாது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எடுத்துக்குது குடுக்குது. அந்த அளவுகோல வச்சுதான் அவ கடைசி வரைக்கும் ஒவ்வொரு உறவையும் அளந்து பாக்குறா.

லோகன் கெட்டவன் இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல வெறகு பொளந்து தர்றான், தண்ணி எடுத்து வைக்கிறான். ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள கொஞ்சிப் பேசறதெல்லாம் நின்னுடுது. ஒரு நாள் லேக் சிட்டி போய் ரெண்டாவதா ஒரு கோவேறு கழுதை வாங்கிட்டு வரப் போறேன்னு கெளம்புறான், அது நல்லா பழக்கின கழுதை, ஒரு பொம்பள கூட ஏர் ஓட்டலாம்னு வேற சொல்றான். ஹர்ஸ்டன் இங்க எதையும் விளக்கறதே இல்ல. பேத்தி கோவேறு கழுதை ஆயிடக் கூடாதுன்னு எந்த வீட்டுக்கு நானி அனுப்பி வச்சாளோ அந்த வீட்லயே கழுதை அவள தேடி வருது. கல்யாணம் பண்ணிட்டா தானா அன்பு வந்துடாதுன்னு ஜேனிக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு, முதல் கனவு செத்துச்சு, அதனால அவ பொம்பள ஆனான்னு ஒரு வரி வரும், எனக்கு இந்த நாவல்லயே ரொம்ப வலிச்ச வரி அது.

ரெண்டாவது புருஷன் ஜோ ஸ்டார்க்ஸ்தான் இந்தக் கதையோட கனமான பகுதி, மூணு பேர்ல நாவலாசிரியர் ரொம்ப உழைச்சுப் படைச்சதும் அவனத்தான்னு நெனைக்கிறேன். நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு, 300 டாலர் சேத்து வச்சுக்கிட்டு, ஃப்ளோரிடால கருப்பினத்தவங்களே ஒரு ஊர் உண்டாக்குறாங்க அங்க போய் பெரிய ஆளாகப் போறேன்னு வர்றான். இவன் பேரி மரம் இல்லன்னு ஜேனிக்கு அன்னைக்கே தெரியும், ஆனா அவன் தூரத்துத் தொடுவானத்தப் பத்திப் பேசுறான், அந்தப் பேச்சுக்காகத்தான் இடுப்புல கட்டியிருந்த ஏப்ரன அவுத்து வழியில ஒரு புதர் மேல எறிஞ்சிட்டுப் போறா. அவங்க போற ஈட்டன்வில் கற்பனை ஊர் இல்ல, ஆர்லாண்டோ பக்கத்துல 1887ல கருப்பினத்தவங்களே நிர்வாகம் பண்ற மாதிரி அமைஞ்ச நிஜமான ஊர், ஹர்ஸ்டன் வளந்த ஊரும் அதுதான், அவங்கப்பா ஜான் ஹர்ஸ்டன் அங்க மேயரா இருந்தவர். மேயர் வீட்டுத் திண்ணையும் கடைத் திண்ணையும் அவங்களுக்கு சின்ன வயசுலயே அத்துப்படி.

ஜோ வந்த வேகத்துல நிலம் வாங்குறான், கடை போடறான், போஸ்ட் ஆபீஸ் கொண்டு வர்றான், தெரு விளக்கு வைக்கிறான், மேயர் ஆயிடறான். கூட்டத்துல ஒருத்தர் மேயரம்மாவும் ரெண்டு வார்த்த பேசட்டுமேன்னு கேக்கறார். ஜேனி வாயத் தொறக்கறதுக்குள்ள ஜோ முந்திக்கிட்டு, என் பொண்டாட்டிக்கு மேடைப் பேச்சுல்லாம் தெரியாது, நான் அதுக்காக அவள கட்டல, அவ பொம்பள, அவ எடம் வீடுன்னு சொல்றான். ஜேனி சிரிச்சு சமாளிக்கிறா. அவளுக்குப் பேசணும்னு அன்னைக்கு ஆசை இருந்துச்சா இல்லையான்னு அவளுக்கே தெரியாது, ஆனா பேசலாமா வேணாமான்னு முடிவு பண்ற சான்ஸ கூட அவன் புடுங்கிட்டான், அதுதான் அவளுக்கு உறுத்துது. நானி ஏங்கின உசரம் இங்கதான் ஜேனிக்குக் கிடைக்குது, மத்த பொம்பளைங்களுக்கு மேல ஒரு ஆசனம். அந்த ஆசனத்துல உக்காந்தே அவ செத்துட்டிருக்கா.

அவ முடியப் பத்தியும் சொல்லணும். இடுப்பு வரைக்கும் தொங்கற பின்னல். கடையில ஒருத்தன் அவளுக்குத் தெரியாம பின்னாடி நின்னு பின்னல் நுனிய கையால தடவிட்டு இருக்கறத ஜோ பாத்துடறான். அவன ஒண்ணும் பெருசா பண்ணல, ஜேனியத்தான் இனிமே கடையில தலையில துணி கட்டிக்கிட்டு நிக்கணும்னு சொல்றான். காரணத்த அவகிட்ட சொல்றதும் இல்ல. திண்ணையில கழுதைக் கதையா ஓடிட்டிருக்கும், மேட் பான்னரோட எலும்பும் தோலுமான மஞ்சள் கழுதையப் பத்தி ஊரே சேந்து கட்டி விடுற கதைங்க, ஜேனி மனசுக்குள்ளயே அந்தக் கழுதைக்கு நல்ல நல்ல கதையா யோசிச்சு வச்சிருப்பா, ஆனா அவன் அந்தக் கூட்டத்தோட சேர விடமாட்டான், உள்ள போய் கல்லாவ பாருன்னுடுவான். அந்தக் கழுதைய எல்லாரும் சீண்டறதப் பாத்து ஜேனி தனக்குள்ள முணுமுணுக்கறது ஜோ காதுல விழுந்து, அவன் 5 டாலர் குடுத்து அத வாங்கி ஓய்வு குடுத்துடறான். அப்ப ஜேனி எல்லார் முன்னாடியும் அவன லிங்கனோட ஒப்பிட்டு ரெண்டு வார்த்த பேசுறா, ஒருத்தர் அட உன் பொண்டாட்டி பிறவிப் பேச்சாளர்ங்கறார். கழுதைக்கு விடுதலை வாங்கிக் குடுத்த பொம்பள தலையில துணியக் கட்டிக்கிட்டு மறுபடி கல்லாவுக்குப் போறா. அப்புறம் அந்தக் கழுதை செத்து ஊரே அதுக்கு சவ ஊர்வலம் நடத்தறப்ப மேயர் பொண்டாட்டி அங்கெல்லாம் வரக் கூடாதுன்னு அவள மட்டும் வீட்ல விட்டுட்டுப் போறான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துல ஒரு நாள் மீன் சரியா வேகல, சோறு அடி புடிச்சிருச்சுன்னு காது ரீங்காரம் போடற அளவுக்கு அறையிறான். அவன் போனதுக்கு அப்புறம் அங்கயே நின்னுட்டிருக்கா. மனசுக்குள்ள அலமாரியில இருந்து எதோ ஒண்ணு விழுந்து உடைஞ்ச மாதிரி, போய்ப் பாத்தா அது ஜோவோட சிலை. அன்னையில இருந்து தனக்கு ஒரு உள்பக்கமும் ஒரு வெளிப்பக்கமும் இருக்குன்னும், ரெண்டையும் கலக்காம எப்படி வச்சுக்கறதுன்னும் அவளுக்குத் தெரிஞ்சுடுது. சுயம் எங்க இருக்குன்னு நீங்க கேட்டீங்கல்ல, அது பொறக்கற இடத்த காட்டச் சொன்னா நான் இதத்தான் காட்டுவேன், மூணாவது கல்யாணத்த இல்ல. மூணாவதா வர்ற டீ கேக் அப்ப கதையிலயே கிடையாது. ஒரு சமையக்கட்டுல, அடி வாங்கின கன்னத்தோட, தனியா நிக்கறப்ப அவளுக்கு அவ முதல் தடவையா தட்டுப்படறா.

அதுக்கப்புறம் பல வருஷம் வாயே தொறக்கறதில்ல. ஒரு நாள் புகையில கட்டிய கோணலா வெட்டிட்டான்னு கடையில எல்லார் முன்னாடியும் அவ வயசயும் ஒடம்பயும் ஜோ கேவலமா பேசப் போக, அவ திருப்பி அவனோட ஆண்மையவே உரிச்சு ஊர் முன்னாடி வச்சிடறா. ஒரே ஒரு வாக்கியம். ஜோவோட அதிகாரமே குரல்தான், அந்த ஊர்ல பெரிய குரலா இருக்கணும்னுதான் அவன் வந்தான், அதனால அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் அவனால நிமிர முடியல. அவன் கிட்னி போய் சாகக் கெடக்கறப்ப, வராதன்னு அவன் சொன்ன ரூமுக்குள்ள போய், உன் மனசுக்கு இடம் வேணும்னு என் மனச நசுக்கி வெளிய தள்ளிட்டியேன்னு கேட்டுட்டுதான் விடுறா. அவன் செத்ததும் கண்ணாடிக்கு முன்னாடி போய் தலைத்துணிய உருவி முடிய அவுத்து விட்டுப் பாக்குறா, அது அங்கயே இருக்கு, அழகாவே இருக்கு. அப்புறம் திரும்ப முடிஞ்சு கட்டிக்கிட்டு, ஊர் பாக்கற மாதிரி மூஞ்சிய கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிக்கிட்டு, ஜன்னலத் தொறந்து ஜோ போயிட்டார்னு கத்தறா. சாவெல்லாம் முடிஞ்சப்புறம் அத்தன தலைத்துணியையும் போட்டுக் கொளுத்திடறா.

இப்ப டீ கேக். அவளுக்கு 40 ஒட்டி, அவனுக்கு 25 போல. கடைக்கு வர்றவன் பலகையில காய் நகர்த்தற செக்கர்ஸ் ஆடலாமா வாங்கன்னு கூப்புடறான், ஜோ அவள எட்ட நிறுத்தி வச்சிருந்த அதே ஆட்டம். நாமளும் ஆடறது சகஜம்னு ஒருத்தன் நெனைக்கிறானேன்னு அவளுக்குள்ள ஒரு வெளிச்சம். பாட்டி சொன்னபடி வாழ்ந்தாச்சு, இனி என் இஷ்டப்படி வாழப்போறேன்னு தோழி ஃபீபிகிட்ட சொல்லிட்டு கடைய வித்துட்டு அவன்கூட கெளம்புறா. எவர்கிளேட்ஸ்ல, அவங்க 'மக்' (muck) அப்படின்னு சொல்ற கருஞ்சேத்து நிலத்துல, ஓவரால்ஸ் போட்டுக்கிட்டு அவன்கூடயே பீன்ஸ் பறிக்கிறா. ராத்திரியானா வீடு நெறைய ஜனம், கிட்டார், சூதாட்டம், கத. ஜோ வீட்ல கேக்கறதுக்குக் கூட வழியில்லாம இருந்தவ இங்க கேட்டுக் கேட்டு கடைசில தானே பெரிய பெரிய கதையா அவுத்து விட ஆரம்பிக்கிறா. கஷ்டப்படற கூலி வேலக்காரங்க வீட்டு வாசல்லதான் நானி கேட்ட மேடை அவளுக்குக் கிடைக்குது.

ஆனா இது சமமான கல்யாணம்னு நான் சொல்லமாட்டேன். ஆரம்பத்துலயே அவ ஒளிச்சு வச்சிருந்த 200 டாலர எடுத்துட்டுப் போய் விருந்து வச்சு செலவு பண்றான், அதுக்கு அவள கூப்பிடவும் இல்ல, அப்புறம் சூதாடி திருப்பிக் கொண்டு வர்றான். என் காசுல வர்றதத்தான் நீ சாப்பிடணும்னு சொல்றான், பேங்க்ல இருக்கற அவ பணத்த தொடாம இருக்கறது மரியாதைதான், ஆனா முடிவு அவனோடது. அந்த அடி விஷயம் இன்னும் மோசம். வெள்ளத்தோலுக்கு நெருக்கமா இருக்கறதே பெருமன்னு நெனைக்கிற மிசஸ் டர்னர், ஜேனியோட வெளுத்த நெறத்தப் பாத்து தன் தம்பிக்கு அவள முடிக்கப் பாக்குறா. டீ கேக் அதுக்கு ஜேனிய அடிக்கிறான். அவ ஒரு தப்பும் பண்ணல, இவ என் சொத்துன்னு ஊருக்குக் காட்டறதுக்காக அடிச்சான்னு நாவலே ஒளிக்காம சொல்லுது. மறுநாள் ஆம்பளைங்க அவன பாத்துப் பொறாமப்படறாங்க. அந்தப் பக்கத்துல ஜேனி என்ன நெனச்சாங்கறது ஒரு வரி கூட இல்ல. வேற எல்லா இடத்துலயும் அவ மனசுக்குள்ள பூந்து பேசற நாவல் இங்க மட்டும் அவகிட்டயே போகல. ஹர்ஸ்டன் வேணும்னேதான் செஞ்சாங்கன்னு வாதாடறவங்க இருக்காங்க, எனக்கு அது முழுசா ஒப்பலை. 1936ல ஹைட்டில ஆராய்ச்சிக்குப் போன இடத்துல ஏழே வாரத்துல எழுதின புக் இது, தன்னைவிட வயசுல சின்னவனான ஒருத்தன்மேல வச்சிருந்த அன்ப அதுல பத்திரப்படுத்தப் பாத்தேன்னு அவங்களே தன் சுயசரிதைல சொல்லியிருக்காங்க. அவனும் அவங்க வேலைய விட்டுட்டு வரணும்னு கேட்டவன்தான், அவங்க விடல. அந்த அன்பு எழுத்துல டீ கேக்க காப்பாத்துதுன்னுதான் எனக்குத் தோணுது, அத ஒத்துக்கிட்டாதான் இந்த நாவல நேர்மையா நேசிக்க முடியும்.

1928 செப்டம்பர் புயல் நிஜம். ஓக்கிச்சோபி ஏரிக் கரை உடைஞ்சு குறைஞ்சது 2,500 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலும் கருப்பினக் கூலித் தொழிலாளிங்க. நாவல்ல வர்ற மாதிரியே வெள்ளக்காரப் பொணத்துக்குத்தான் சவப்பெட்டி, வெஸ்ட் பாம் பீச்ல 674 கருப்பினத்தவங்கள ஒரே குழியில போட்டாங்க. அந்த வெள்ளத்துல ஜேனிய காப்பாத்தப் போய் டீ கேக் நாய்க்கடி வாங்கி, வெறி புடிச்சு, துப்பாக்கிய அவமேலயே தூக்க, அவ சுட வேண்டி வருது. தன்னையே அழிச்சுக்கிட்டு அவனுக்காகச் சாகல அவ, அன்பும் இருக்கு உசுரும் வேணும்.

அதுக்கப்புறம் கோர்ட். 12 வெள்ளக்கார ஆம்பளைங்க ஜூரி. சாவப் பத்திகூட பயமில்ல, தப்பாப் புரிஞ்சுப்பாங்களேன்னுதான் பயம்னு வரும். ஆனா அவ பேசினது நமக்கு அவ வார்த்தையில கிடைக்கறதில்ல, கதைசொல்லி சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறாங்க. இத வச்சுத்தான் ராபர்ட் ஸ்டெப்டோங்கற விமர்சகர், ஜேனிக்குக் குரல் கிடைச்சதுங்கறது வெறும் தோற்றம்னு வாதாடினார். 1979ல இலக்கியப் பேராசிரியர்கள் கூடுற மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் மாநாட்ல இந்தப் பேச்சு வந்தப்ப கருப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் எழுந்து, பேசணும்னு ஆம்பளைங்க நெனைக்கிற இடத்துலதான் பொம்பள பேசணும்னு இல்ல, எப்பப் பேசறது எப்ப வேணாம்ங்கறத அவதான் தீர்மானிப்பாங்கற மாதிரி பதில் சொன்னாங்க. நான் வாக்கர் பக்கம். ஏன்னா அந்த கோர்ட்டும் உசரத்துல உக்காந்தவங்க கீழ நிக்கறவங்கள எடை போடற எடம், அங்க அவ பேசறது உசுருக்காக. மனசுல இருக்கறத பேச அவ வேற எடம் வச்சிருக்கா.

நடுவுல ஒண்ணு. புக் 1937ல வந்தப்ப இன்னொரு கருப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட் இதுல கருவும் இல்ல, செய்தியும் இல்ல, சிந்தனையும் இல்லன்னு எழுதினார். வெள்ளக்காரன எதிர்த்துப் போராடாத நாவல் அரசியல் நாவல் இல்லைன்னு நெனச்ச காலம். சமையக்கட்டுல விழுந்த அறை அவருக்கு அரசியலா தெரியல. புக் அச்சுல இல்லாமப் போச்சு, ஹர்ஸ்டன் 1960ல கையில காசில்லாம செத்து, ஃபோர்ட் பியர்ஸ்ல கல் கூட இல்லாத குழியில கெடந்தாங்க. 1973ல ஆலிஸ் வாக்கர்தான் புல்லுக்குள்ள தேடிப் போய், இங்கதான் இருக்கும்னு ஒரு எடத்தக் கணிச்சு கல் நட்டாங்க. வாக்கரோட 'தி கலர் பர்ப்பிள்' நாவல் 1982ல வந்துச்சு, அதுல கதாநாயகி சீலிய வருஷக் கணக்கா வதைச்ச புருஷன் கடைசில திண்ணையில அவ பக்கத்துல உக்காந்து துணி தைக்கிறான். ஜேனி இல்லாம அந்தத் திண்ணை வந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்.

இப்ப முதல் காட்சிக்கு வாங்க. ஜேனி ஓவரால்ஸோட, முடி இடுப்புக்குத் தொங்க, டீ கேக்க பொதைச்சிட்டு ஈட்டன்வில்லுக்குத் திரும்பி நடந்து வர்றா. முன்பக்கத் திண்ணைங்கள்ல ஊரு உக்காந்து நாக்கால அவள கிழிக்குது. பகல் பூரா தாங்களே வெள்ளக்காரனுக்குக் கழுதையா இருந்துட்டு, பொழுது சாஞ்சதும் மனுசங்களா மாறி அடுத்தவங்களுக்குத் தீர்ப்பு எழுதறவங்கன்னு ஹர்ஸ்டன் சொல்லுவாங்க. ஜேனி அவங்ககிட்ட நின்னு விளக்கம் குடுக்கறதில்ல, ஒரு வணக்கம் மட்டும் சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போயிடறா. ஃபீபி ஒரு கிண்ணத்துல சோறு மூடி எடுத்துக்கிட்டு பின்வாசல் வழியா வர்றா. பின்பக்கப் படியில ரெண்டு பேரும் உக்காந்ததும், கால் கழுவ தண்ணி எடுத்து வச்சுக்கிட்டு, முதல்ல இருந்து தன் கதைய ஜேனி சொல்ல ஆரம்பிக்கிறா. நாம படிக்கிற நாவல் பூரா அந்தப் படியில அவ சொன்னது. வீடு அவளோடது, பேங்க்ல பணம் அவளோடது, புருஷன்னு யாரும் இல்ல, எத சொல்லணும் எத விடணும்னு அவளேதான் முடிவு பண்றா. வேணும்னா ஊருக்குப் போய்ச் சொல்லு, வேணாம்னா விடுன்னு ஃபீபிகிட்ட சொல்லிடறா.

கேட்டு முடிச்சதும் ஃபீபி சொல்றா, உன் கதையக் கேட்டதுலயே நான் பத்தடி வளந்துட்டேன், என்கிட்டயே எனக்கு இனிமே திருப்தி இல்ல, அடுத்த தடவ என் புருஷன் சாம் மீன் புடிக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லப் போறேன்.